உன் அம்மாவைப் படத்தில் சேர்க்க மாட்டேன்

அம்மணி,

நான் நலம். உன் அம்மா நலம். பட்டறையில் அவளுடைய கடைசல் லேத்தும் நலம், போன வாரம்தான் பெல்ட் மாற்றினோம். உன் நலத்தைப் பற்றி நான் விசாரிக்கப் போவதில்லை. குரலிலேயே தெரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போன் செய்து இரண்டு விஷயம் சொன்னாய். உன் நாவலைப் படமாக்கப் போகிறார்கள், திரைக்கதையை நான்தான் எழுத வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருக்கிறார் என்பது முதல் விஷயம். அதைச் சொல்லும்போது நன்றாகத்தான் பேசினாய். அதற்கப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுங்கப்பா. படத்துலயாச்சும் அம்மாவச் சேத்திப்போடுங்க" என்றாய். நான் "பாக்கலாம் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ எழுதியது நம் வீட்டுக் கதை. அதில் அப்பா இருக்கிறார், பெண் இருக்கிறாள், பட்டறை இருக்கிறது. அம்மா மட்டும் இல்லை. புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை என் கையில் கொடுத்து, "அவங்க இதுல இல்லீன்னு அம்மாகிட்டச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல் என்று இரண்டு நோம்பிக்கும் வீட்டுப் பக்கம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்ன காரணத்தை உன் அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை.

இந்தப் பதிலை ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. கோயமுத்தூர் கணபதியில் இருக்கிற நம் வீட்டை வாசல் முதல் கொல்லை வரை அச்சடித்துக் கடையில் விற்கிறவள் நீ. என் லுங்கியின் கட்டம் என்ன கலர் என்பது வரை ஊருக்குத் தெரிந்துவிட்டது. பதிலையும் ஊர் படிக்கட்டும்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். இந்த வயதில் மூட்டு வலிக்காமல் நான் போக முடிகிற ஒரே திசை அதுதான்.

மில் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் நண்பர்களுக்கு நாவல்களைக் கதையாகச் சொல்வேன். ஒரு நாள் அந்த நண்பர்களில் ஒருவருடைய மச்சான் வந்து உட்கார்ந்தார். சினிமாவில் உதவி இயக்குநர். முழுவதும் கேட்டுவிட்டு, "நாவல் நானும் படிச்சிருக்கேனுங்க. நீங்க சொல்றதுதான் சீக்கிரம் முடியுதுங்க" என்றார். அதை இன்று வரை பாராட்டு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்தான் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து அடுத்தவர் நாவல்களுக்குத் திரைக்கதை எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. ஒறம்பரை, சொந்தபந்தம் என்று எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கட்டாயம் கேட்பார்: "ஏனுங்க, சொந்தமா எதாச்சும் எழுதியிருக்கீங்களா?" நானும் சளைக்காமல், "அடுத்தவங்களது எழுதறதுக்கே நேரம் பத்தறதில்லீங்க" என்பேன். அவர், "ஐயோ பாவம்" என்று எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொல்வார்.

என் வேலை என்ன என்று நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டாய். கல்யாணத் தரகர் வேலை என்று சொன்னேன். நாவலாசிரியர் பெண்ணைப் பெற்றவர். இயக்குநர் மாப்பிள்ளை. பெண் போகிற இடத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்று இவருக்குக் கவலை. பெண் தன் வீட்டு வழக்கத்துக்கு வர வேண்டும் என்று அவருக்கு அவசரம். நடுவில் நிற்கிற தரகனுக்கு இரண்டு வீட்டிலும் காபி உண்டு, இரண்டு வீட்டிலும் திட்டும் உண்டு.

எழுதுகிற முறை மட்டும் எனக்கு உன் அம்மாவால் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாவலில் மூழ்கிக் கிடந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவள், புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் ஸ்பானர் வைக்கிற அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். உன் தாத்தாவுக்குப் பிறகு அந்தப் பட்டறையை எடுத்து நடத்துகிறவள் அவள். அலமாரிச் சாவியும் அவளுடையதுதான். நான் கெஞ்சினேன், தரவில்லை. "அதுல என்னதான் இருக்குதுன்னு வாயில சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லேத் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். அவள் பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவள் கை போய்ச் சுவிட்சை அணைத்தது. "பொறவு?" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நாவலை இரண்டு முறை படிப்பேன். புத்தகத்தை அவளிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிடுவேன். ஞாபகத்தில் நிற்பதை மட்டும் லேத் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். லேத் எங்கே நிற்கிறதோ அங்கேதான் படத்தின் இடைவேளை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகத்தில் எண்ணெய்க் கறை பார்த்து வருத்தப்பட்ட எழுத்தாளர்கள் உண்டு. கறை அதிகமாக இருந்தால் படம் நன்றாக ஓடும் என்று சமாதானம் சொல்வேன்.

உன் அம்மா ஒரு நாவலும் படித்ததில்லை. ஆனால் ஒரு படத்தில் நம் பக்கத்து வில்லன் ஒருவனுக்கு நான் எழுதின வசனத்தைக் கேட்டுவிட்டு லேத்தை நிறுத்திச் சிரித்தாள். "நம்மூர்க்காரன் கோவத்துல இப்படியா கத்துவான்? மரியாதைய ஏத்திப்போடுவானுங்க. 'நீங்க நல்லா இருங்க சாமி'ன்னு கையெடுத்துக் கும்புட்டான்னா, அப்பத்தான் பயப்படோணும்" என்றாள். மாற்றி எழுதினேன். தியேட்டரில் அந்த வில்லன் கும்பிட்டபோது கோயமுத்தூர் ஜனம் ஒன்றுகூட மூச்சுக் காட்டவில்லை.

அந்த மரியாதையை நானே ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் முதல் படம் கொடுமுடிக்காரர் ஒருவருடைய நாவல். அவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். நாவலில் ஓர் அண்ணன் பாத்திரம் உண்டு. நல்ல மனிதர், கதைக்கு ஒரு வேலையும் செய்யாதவர். நான் அவரை எடுத்துவிட்டேன். படம் வெளிவருவதற்கு முன்னால் எழுத்தாளரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். விளக்குப் போட்டதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "படம் நெம்ப அருமைங்க. பாட்டு அருமைங்க. எல்லாருமே நல்லாப் பண்ணியிருக்காங்க. கதை யாருதுங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. ஆனால் பொங்கல் தவறாமல் அவர் தோட்டத்து மஞ்சள் கொத்து மட்டும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. நம் பக்கத்து மனஸ்தாபம் அப்படி. பேச்சு நிற்கும், சீர் நிற்காது.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தது. அவரே ஆரம்பித்தார். "அண்ணன எடுத்ததுக்குக் கோவமில்லீங்க. படத்துக்கு அது வேண்டாந்தான். ஆனா அது என்ற சொந்த அண்ணன், இப்ப உசுரோட இல்லீங்க. அவரு வருவாருன்னு நெனச்சு அன்னிக்கு அண்ணியக் கூட்டியாந்திருந்தேனுங்க. கடைசி வரைக்கும் அவங்க தேடிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா, நானே அவங்ககிட்டச் சொல்லிக் கூட்டியாந்திருப்பேன்" என்றார். அந்த அம்மா இருட்டில் உட்கார்ந்து தேடியதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. அண்ணனை எடுத்தது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதற்குப் பின் ஒவ்வொரு நாவலுக்கும், யாரை விடப் போகிறேனோ அதை முதலில் ஆசிரியரின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

இப்போது உன் நாவல். முதல் தடவை படித்தபோது இரண்டு நாள் கோபமாக இருந்தேன். நான் எங்கே சாப்பிடும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் கதை சொல்கிறேன்? பல் தேய்க்கும்போதுகூட வசனம் பேசுகிற ஆளா நான்? கோபத்தில் ஒரு பக்கத்தை மட்டும் உன் அம்மாவுக்கு, உன் புத்தகம் என்று சொல்லாமல், படித்துக் காட்டினேன். "யாரோ உங்களப் பாத்து எழுதியிருக்காங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலம் நான் எழுத்தாளர்களுக்குச் செய்ததை நீ எனக்குச் செய்திருக்கிறாய். என்னை வெட்டி, ஒட்டி, தேவையான இடத்தில் மடித்து வைத்திருக்கிறாய். என் மகள் என் தொழிலைத்தான் செய்கிறாள் என்று கோபத்துக்கு நடுவிலேயே பெருமையும் வந்து தொலைத்தது.

அம்மாவை ஏன் விட்டாய் என்று அப்போதே உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "மொதல்ல எழுதினேனுங்கப்பா. அவங்க வந்தா கதையே நவுர மாட்டேங்குது. எந்தப் பிரச்சினை வந்தாலும் அரைப் பக்கத்துல சரி பண்ணிப்போடறாங்க" என்றாய். விழுந்து விழுந்து சிரித்தேன். என் அனுபவத்தில் ஒரு பாத்திரத்தை நீக்க இதைவிட நல்ல காரணத்தை எந்த எழுத்தாளரும் சொன்னதில்லை.

உதாரணத்துக்கு அந்த ரயில் அத்தியாயம். ஆடிக்குக் கொடுமுடி கோயிலுக்கு நானும் நீயும் போனோம். உனக்குப் பத்து வயது இருக்கும். ஈரோட்டில் இறங்கி வண்டி மாற வேண்டும். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த ஒரு கதையை உனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பாவின் கதை வெறியால் ஈரோடு தவறிப்போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அபாண்டம்! ஈரோடு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றவன் நான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கதைய முடிச்சுப்போட்டு எறங்கலாமுங்கப்பா" என்று அடம் பிடித்தவள் நீ. எப்படியோ சேலத்தில் போய் இறங்கினோம். நாவலில் அந்த அப்பா பர்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் பசியோடு உட்கார்ந்திருக்க, அவர் மிச்சக் கதையைச் சொல்லிப் பிள்ளையின் பசியை மறக்கடிக்கப் பார்க்கிறார். நாவலிலேயே சிறந்த இடம் அது. என் கதாபாத்திரம் என்பதால் சொல்லவில்லை. ஆனால் நிஜத்தில் நடந்தது என்ன? என் பர்ஸை உன் அம்மா கிளம்பும்போதே சட்டைப் பையில் திணித்திருந்தாள். கட்டுச்சோற்றுப் பையில், மத்தியானத்துக்கான பொட்டலங்களுக்கு அடியில், இன்னும் இரண்டு பொட்டலம் புளிச்சோறு இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வண்டி பிடித்துச் சௌகரியமாகத் திரும்பி வந்தோம். இதை வைத்து ஒரு பக்கம்கூட எழுத முடியாது. நீ சொன்னது சரி.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். நீ போன் செய்த மூன்றாம் நாள் பெருந்துறையில் ஒரு கல்யாணம். ஒறம்பரைப் பெண் ஒருத்தி உன் அம்மாவிடம் வந்து, "ஏனுங்க்கா, உங்க மக பொஸ்தகத்துல மாமா வாராரு, பட்டறை வருது, உங்களத்தான் காணமுங்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். உன் அம்மாவும் சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அவினாசி தாண்டியதும், "நாளைக்கு அந்தக் கதையச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஸ்டூலைப் போட்டேன். பெரிய பெரிய தயாரிப்பாளர்களுக்குக் கதை சொல்லியிருக்கிறேன். யாருக்கும் இவ்வளவு பயந்து சொன்னதில்லை. அவள் லேத்தை ஓட விட்டாள். நான் ஆரம்பித்தேன். ஒரு வீடு, வாசலில் பூட்டிக் கிடக்கிற ஒரு பட்டறை, அதன் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா எங்கே போனாள் என்று கதையில் யாரும் சொல்வதில்லை. அப்பா அரிசிம்பருப்புச் சோறு வைக்கிறார், அடிப்பிடிக்கிறது. பெண் பள்ளிக்கூடம் போகத் தலை வாரத் தெரியாமல் நிற்கிறாள். சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். கண் கடைசலிலேயே இருந்தது. இரும்புச் சுருள் உதிர்ந்துகொண்டே இருந்தது. லேத் நிற்கவில்லை. மனம் நொந்துவிட்டாள், போச்சு என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தவும் தைரியம் இல்லாமல் ரயில் அத்தியாயத்துக்கு வந்தேன். சேலம் பிளாட்பாரம், பர்ஸ் இல்லை, பசி.

லேத் நின்றது.

"பசியோடவா? பொய்யி! ரெண்டு பொட்டலம் சேத்திக் கட்டிக் குடுத்தேனே! கதை பேச ஆரம்பிச்சா நீங்க ரெண்டு பேரும் ஈரோட்ட உட்டுப்போடுவீங்கன்னு தெரிஞ்சுதானே அடியில வெச்சேன்?"

"அது நெசத்துல புள்ள. இது நாவலு."

"நாவல்ல யாரு கட்டிக் குடுத்தா?"

"யாருமில்ல" என்றேன்.

வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நா இல்லீன்னா இந்த ரெண்டும் சோறு தண்ணியில்லாமக் கெடக்கும்னு ஒரு பொஸ்தகமே எழுதிப்போட்டாளா! சாவி காணோம், தலை வாரல, சோறு அடிப்புடிக்குது. பக்கத்துக்குப் பக்கம் என்னையத்தானே தேடறா?" என்றாள். நாவலை இரண்டு முறை படித்த எனக்கும் அந்தப் பட்டறைப் பூட்டு ஒரு பூட்டாகத்தான் தெரிந்திருந்தது.

துணியை ஓரமாகப் போட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்கு யாராச்சும் ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. வேண்ணா படத்துல யாரையாச்சும் வாங்கிக் குடுக்கச் சொல்லட்டுமா?"

யோசித்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஊரான் வீட்டுப் பிள்ளை பசித்திருந்தாலே பொறுக்காதவள். "வேண்டாமுங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே என் பதில் இது. உன் நாவலை நான் எழுதுகிறேன். உன் அம்மாவைப் படத்தில் சேர்க்க மாட்டேன். குற்ற உணர்ச்சியால் உள்ளே வருகிற பாத்திரம் எந்தப் படத்திலும் நின்றதில்லை. அதிலும் இவள் வந்தால் முதல் காட்சியிலேயே பட்டறைச் சாவியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள். பத்து நிமிஷத்தில் படம் முடியும், தயாரிப்பாளர் அழுதுகொண்டு ஊர் போய்ச் சேருவார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்வேன். ஈரோட்டில் எழுந்து நின்றவன் அப்பா, இறங்க மறுத்தவள் பெண். கேட்டால் கதையின் தேவை என்று சொல்லிவிடுவேன். தரகனுக்கு இவ்வளவு உரிமைகூட இல்லை என்றால் எப்படி?

இன்னொன்று, இது உன் கடமை. யாரை விட்டோமோ அவர்களிடம் முதலில் நாமே போய்ச் சொல்ல வேண்டும். கொடுமுடிக்காரர் எனக்குப் பந்தியில் சொன்னது அதுதான். உன் வேலையை ஒறம்பரைக்காரி பாதியும் நான் பாதியுமாகச் செய்துவிட்டோம். ஆனால் நான் சொன்னது சேலம் வரைக்கும்தான். "மிச்சத்த நீங்க சொல்ல வேண்டாம். அவ வந்து சொல்லட்டும்" என்று என்னை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டாள். முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டு இருக்கிறாள். சமையல்கட்டிலிருந்து திடீரென்று, "அந்தச் சாவி கடைசீல கெடைக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியில் ஏறி வா. சேலம் தாண்டும்போது பசித்தால் சாப்பிட எதையாவது கையோடு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள் உன் அம்மா. என் கதைகளுக்கெல்லாம் லேத் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எப்போதாவது பாதியில் நின்றது. திங்கட்கிழமை லேத் ஓடாது என்று நேற்றே பட்டறை ஆட்களிடம் சொல்லிவிட்டாள்.